அறுபதை நம்பித் தொண்ணூறைக் கோட்டை விடாதீர்கள்

மண்டபம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள் எழுதப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

தொண்டியிலிருந்து: டீச்சர், நான் பி.ஏ. வரலாறு. சமூக அறிவியலை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன், தங்கச்சி. 2012இல் முதல் தடவை எழுதி 88இல் நின்றேன், அப்போது தேர்ச்சிக்குத் தேவை 90. காலை வாரியது ஆங்கிலம், 30க்கு 9! நம் பாடத்துக்கு 60தான். சைக்காலஜி, தமிழ், ஆங்கிலம் மூன்றும் தலா 30. ஆக 90 மதிப்பெண் வெளியே கிடக்கிறது. தினமும் அரை மணி நேரம் ஆங்கில இலக்கணம் பாருங்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஒன்றையும் விடாமல் நிரப்புங்கள்.

கீழக்கரையிலிருந்து: கைடு போதுமா?

போதாது. ஆறு முதல் பத்து வரை பள்ளிப் புத்தகம்தான். ஒரு பயிற்சி மைய நோட்ஸில் மருது சகோதரர்களை 1799இல் தூக்கிலிட்டதாக அச்சடித்திருந்தார்கள். அது கட்டபொம்மனின் ஆண்டு. மருது சகோதரர்களுக்கு 1801 அக்டோபர் 24, திருப்பத்தூரில்.

ராமேஸ்வரத்திலிருந்து: அக்கா, புவியியல் மண்டையில் ஏறவே இல்லை. பருவக்காற்று என்றாலே குழப்பம்.

கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையா, தம்பி? அப்படியென்றால் பாதிப் பாடம் உங்களுக்குத் தெரியும். பாம்பன் பாலத்தில் நின்று பாருங்கள். தெற்கே மன்னார் வளைகுடா, நம்மவர் சொல்லும் ஆண்கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் தலைகீழ். அந்தக் கச்சான்தான் புத்தகத்தில் தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருகிறது. அதனால் நாம் மழை மறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவக்காற்றான வாடையோ வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வருகிறது. நம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகையில்தான் நிறைவது ஏன் என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டாம். பவளப்பாறைக்கு வெதுவெதுப்பான, ஆழமில்லாத, தெளிந்த நீர் வேண்டும் என்பதையும் இங்கேயே படித்துவிடலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி அதுதான் இருக்கிறது. உயிர்க்கோளக் காப்பகமானது 1989இல். இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: பாளையக்காரர் ஆண்டுகள் கலங்குகின்றன.

ஒருமுறை ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய் ராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை நிற்க வைத்தே பேசிய இடம். அதை நடுவில் வையுங்கள். அதற்கு முன்னே, சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவில் போரில் விழுந்தது 1772, வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டது 1780. அப்புறம் 1799 கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கு, 1801 மருது சகோதரர்களின் திருச்சிப் பிரகடனம்.

சாயல்குடியிலிருந்து: பாஸ் ஆனால் வேலை உறுதியா?

இல்லை. சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், அவ்வளவுதான். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாகப் போட்டித் தேர்வு வைக்கும். அதனால் இப்போது எடுக்கும் குறிப்பேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.