வாசகர் கேள்வி பதில்: இருதய அறுவை செய்த பிள்ளை, பள்ளி பேண்டில் சாக்ஸபோன்

கேள்வி: என் மகள் படிவம் மூன்று மாணவி. இருதயத்தின் கீழறைச் சுவரில் ஓட்டையோடு பிறந்தவள். நான்கு வயதில் நெஞ்சைத் திறந்து அடைத்தார்கள். பள்ளி பேண்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறாள். போன வாரம் திடலில் 'செடியா' (அசையாமல் விறைப்பாக நிற்கச் சொல்லும் மலாய்க் கட்டளை) நிலையில் நின்றபோது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். ஊதியதால் வந்தது என்கிறார் என் கணவர். பேண்டிலிருந்து நிறுத்திவிடவா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்குத் திடல் பயிற்சியை நிறுத்துங்கள், அம்மா. வருடாந்தரப் பரிசோதனை வரட்டும் என்று காத்திராமல் உடனே இருதய டாக்டரைப் பாருங்கள். அதுவரை உட்கார்ந்து வாசிக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மயக்கம் வந்தபோது நின்றாளா, நடந்தாளா? டாக்டர் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும். நடக்கும்போதோ ஓடும்போதோ வந்தால், அல்லது அதற்கு முன் நெஞ்சு படபடத்திருந்தால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நினைவு தப்பினால் 999.

அசையாமல் நிற்கும்போது வருவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. முட்டியை விறைப்பாகப் பூட்டி நின்றால் கெண்டைக்கால் தசை வேலை செய்யாது; கீழே இறங்கிய இரத்தம் மேலே ஏற வழியில்லாமல் காலிலேயே தங்கும். கோலாலம்பூர் மதிய வெயிலில் தோலின் இரத்தக் குழாய்களும் விரிந்துகொள்ள, மூளைக்குப் போவது குறைந்துவிடும். இருதயக் கோளாறே இல்லாத பிள்ளைகளும் இப்படித்தான் வரிசையில் சரிகிறார்கள். டாக்டர் மறுபடி அனுமதித்ததும், முட்டியை இம்மியளவு தளர்த்தி, பூட்ஸுக்குள் கால் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே நிற்கட்டும். வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் இவளுக்கும் இதுதான் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. அறுவைத் தழும்பு உள்ள இருதயத்தில் துடிப்பு தடுமாறவும் வாய்ப்புண்டு.

அதனால் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள். 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியைப் பேண்டு பயிற்சி நாளில் மாட்டிக்கொள்ள முடியுமா? வீட்டில் படுத்திருக்கும் நாளில் பதிந்து பயனில்லை. ஊதத் தொடங்கிய நேரம், அணிவகுத்த நேரம், தலை சுற்றிய நேரம் எல்லாவற்றையும் மணி போட்டு எழுதி வைக்கட்டும்.

ஊதுவதைப் பற்றி: மூச்சை அடக்கி அழுத்தி ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். டிரம்பெட்டின் உச்ச சுரங்களிலும் ஓபோ என்ற குழலிலும் இது கடுமை. சாக்ஸபோன் அவ்வளவு எதிர்ப்புக் காட்டாது. தடித்த ரீட்தான் (ஊதுவாயில் பொருத்தும் நாணல் தகடு) அழுத்தத்தைக் கூட்டும். 3-ஆம் எண் ரீட் வைத்திருந்தால் அதைவிட மெல்லிய 2-க்கு இறங்கட்டும். மூச்சு முழுக்கத் தீரும்வரை ஒரு சுரத்தை இழுக்க வேண்டாம். இசைத்தாளில் இரண்டு தாளக் கட்டத்துக்கு (bar) ஒரு முறை பென்சிலால் மூச்சுக்குறி போட்டு, பக்கத்தில் வாசிப்பவர் மூச்செடுக்காத இடத்தில் இவள் எடுக்கட்டும். சத்தம் அறுபடாது.

ஆல்டோ ஏறத்தாழ 2.5 கிலோ. கழுத்துப் பட்டைக்குப் பதில் இரு தோளிலும் எடையைப் பகிரும் ஹார்னெஸ் வாங்குங்கள். கொக்கி தழும்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி காலை ஒன்பதுக்குள் முடியட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர், டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி. ரீட்டை யாருடனும் மாற்றிக்கொள்ளக் கூடாது. பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் அறுவையைச் சொல்லுங்கள். ஈறு வழியாக இரத்தத்தில் இறங்கும் கிருமி இருதயத்தில் தங்கிவிடக்கூடும்.

பேண்டின் பொறுப்பாசிரியருக்கு டாக்டர் கடிதம் வாங்கும்போது 'கடும் உடற்பயிற்சி தவிர்க்கவும்' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். அதைப் படிக்கும் ஆசிரியர் பயந்து அவளை முழுவதுமாக விலக்கிவிடுவார். உட்கார்ந்து வாசிக்கலாமா, நின்றா, நடந்தா, எத்தனை நிமிடம், மயங்கினால் என்ன செய்வது என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நடக்கக் கூடாதென்றால், திடல் ஓரத்தில் நிலையாக நிற்கும் தாளக் கருவிகளோடு நாற்காலி போட்டு வாசிக்க இடம் கேளுங்கள். கேட்க வேண்டிய உரிமை அது.

கேள்வி: மகனுக்கு இடப்பக்கம் பேஸ்மேக்கர் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. டெனர் சாக்ஸபோனுக்கு ஹார்னெஸ் போடலாமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இவருக்கு ஹார்னெஸ் ஒத்துவராது. அதன் வார் காறை எலும்புக்குக் கீழே, பேஸ்மேக்கர் இருக்கும் இடத்திலேயே அழுத்தும். அகலமான, பஞ்சு வைத்த கழுத்துப் பட்டையே நல்லது. டெனர் 3.5 கிலோவை நெருங்கும். கழுத்து தாங்காது, ஆல்டோவுக்கு மாறுவது நல்லது. கை அசைவுக் கட்டுப்பாடு நீங்கிவிட்டதா என்று டாக்டரிடம் உறுதி செய்த பிறகே வாத்தியத்தை எடுக்கட்டும். கைபேசியைச் சீருடையின் இடப்பக்கப் பையில் வைக்கக் கூடாது. பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். திடலில் பெரிய ஒலிபெருக்கிகளின் மேல் சாய்ந்து ஓய்வெடுப்பதும் வேண்டாம். உள்ளே இருக்கும் காந்தம் பலமானது.