வாசகர் கேள்வி – பதில்: ஆமையின் ஓடு மூடியன்று

கேள்வி: என் கணவர் தச்சுத் தொழில் செய்கிறார். எங்களுக்கு 3 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய விளையாட்டுச் சாமான்களைப் போட்டு வைப்பதற்காக ஆமை வடிவில் ஒரு பெட்டி செய்து, அதன் முதுகு ஓடே மூடியாகும்படி அமைத்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்று சொல்லி, தங்களுக்கும் ஒன்று செய்து தரும்படி கேட்டார்கள். பிள்ளைகளோ ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை. சாமான்கள் முன்போலவே விறாந்தை முழுவதும் கிடக்கின்றன. விற்பனைக்குச் செய்யத் தொடங்கும் முன்னர் வேறு விலங்கைத் தெரிவுசெய்ய வேண்டுமா, ஐயா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: விலங்கை மாற்ற வேண்டியதில்லை, தங்கச்சி, மூடியை எடுத்துவிட்டால் போதும். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன்னர் நானும் இதே ஆமைப் பெட்டியை, இதே மூடியோடு, என் இளைய மகனுக்குச் செய்து கொடுத்ததுதான். முதிரைப் பலகையில் கடைந்த அந்த ஓடு அவனுடைய கையில் விழுந்து இரண்டு விரல்களின் நகங்களும் கறுத்துப் போனதைப் பார்த்த அன்றே, அழகாகச் செய்வதும் பிள்ளைக்காகச் செய்வதும் ஒன்றல்ல என்பது எனக்கு விளங்கியது. பாரமான மூடியை எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்க வேண்டும், உள்ளே ஒளிந்துகொள்ளும் பிள்ளைக்கு மூச்சு முட்டாதபடி காற்றுத் துளைகள் இருக்க வேண்டும், உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்பவை விளையாட்டுச் சாமான் பெட்டிகளுக்குப் பல நாடுகளிலும் பின்பற்றப்படும் விதிகள். அப்போது இவற்றில் ஒன்றைக்கூட நான் அறிந்திருக்கவில்லை.

இனி ஆமையைக் கவனியுங்கள். ஆமையின் ஓடு அதன் முதுகெலும்போடும் விலா எலும்புகளோடும் ஒன்றாகிப் போன உறுப்பு. அது திறப்பதுமில்லை, கழல்வதுமில்லை. எங்கள் வரண்ட வலயப் பற்றைக் காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையைப் பார்த்திருப்பீர்கள். ஆபத்து வரும்போது அது ஓட்டை அசைக்காமல் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. எங்கள் கடற்கரைகளில் முட்டையிட வரும் கடலாமைகளுக்கோ அதுவும் இயலாது. அவற்றின் தலை எப்போதும் வெளியேதான் இருக்கும். ஆகவே ஓட்டைத் தூக்கித் திறப்பது ஆமையின் இயல்புக்கே மாறானது. ஓடு அசையாமல் இருக்க, தலை வெளியே வந்து உள்ளே போவதே அதன் உண்மையான செயல். அதைத் தச்சு வேலையில் சொன்னால், மேற்பலகை நிலையாக இருக்க முன்பக்கம் இழுபடும் ஒரு லாச்சி. அந்த லாச்சியின் கைபிடியே ஆமையின் தலை.

இந்த மாற்றம் பிள்ளை பெட்டியைத் திறக்காமைக்கும் மருந்தாகும். மூடியுள்ள பெட்டியில் ஒரு பொருளைப் போடுவதற்குப் பிள்ளை ஒரு கையால் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பொருளைப் போட வேண்டும். பொருளே இரண்டு கைகளுக்கும் உரியதாக இருந்தால் அந்த வேலை 3 வயதுக் குழந்தைக்கு ஆகாத காரியம். அதைவிட, மூடியின் மேலே யாராவது எதையாவது வைத்துவிடுவார்கள் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். எடுக்கும்போதும் சங்கடம் உண்டு. ஆழமான பெட்டியின் அடியில் கிடக்கும் சின்னக் காரைத் தேடுவதற்குப் பிள்ளை பெட்டி முழுவதையும் கவிழ்க்கிறது. நாங்கள் குழப்படி என்று ஏசுகிறோம். குறை பிள்ளையில் இல்லை, பெட்டியின் ஆழத்தில் இருக்கிறது. லாச்சியின் ஆழம் ஒரு சாண் அளவுக்கு மேற்படாமல் இருந்தால், இழுத்தவுடன் எல்லாமே கண்ணில் படும்.

உங்கள் கணவரிடம் சில விடயங்களைக் குறிப்பாகச் சொல்லுங்கள். லாச்சி முழுவதும் கழன்று காலில் விழாதபடி உட்புறத்தில் ஒரு தடுப்புக் கட்டை வைக்க வேண்டும். லாச்சியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் விரல் நசியாதபடி, மேற்பலகைக்கும் லாச்சியின் விளிம்புக்கும் இடையில் விரல் தாராளமாகப் போய்வரும் இடம் விட வேண்டும். 5 முதல் 12 மில்லிமீற்றர் வரையான இடைவெளிகளே சின்ன விரல்கள் சிக்கிக்கொள்ளும் இடைவெளிகள், ஆகவே ஒன்றில் அதைவிடக் குறைவாக, அல்லது அதைவிட அதிகமாக. கண்ணுக்கு மணியோ பொத்தானோ ஒட்டக் கூடாது, 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு குழாய்க்குள் அடங்கும் எந்தத் துண்டும் 3 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. கண்களைப் பலகையிலேயே செதுக்கிவிடலாம். வர்ணம் பூசுவதானால் ஈயம் கலவாதது என்று தகரத்தில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள், ஏனென்றால் ஆமையின் தலையை உங்கள் சின்னப் பிள்ளை நிச்சயமாக வாயில் வைக்கும்.

கேள்வி: நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் கற்கும் மாணவி. தூக்கணாங்குருவியின் கூட்டை மாதிரியாகக் கொண்டு, பாய் இழைக்கும் பன்புல்லால் சிறுவர்களின் துணிப் பொம்மைகளை வைக்கும் தொங்கு கூடைகளைச் செய்து, முகட்டு வளையில் கட்டித் தொங்கவிட விரும்புகிறேன். வாசல் கூட்டில் உள்ளது போலக் கீழ்நோக்கியே இருக்க வேண்டுமா?
– மாணவி, அக்கரைப்பற்று

பதில்: மகளே, உங்கள் தெரிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கார்த்திகை தொடங்கித் தை வரை வாடைக்காற்று மழை கொட்டும் எங்கள் மாவட்டங்களில், நிலத்தில் வைத்த எதுவும் ஈரத்துக்குத் தப்புவதில்லை. தாழ்ந்த வளவுகளில் வெள்ளம் வாசற்படி தாண்டி வரும்போது, முதலில் நனைவன பிள்ளைகளின் கொப்பிகளும் பொம்மைகளுமே. நீருக்கு மேலே தொங்கும் கிளையைத் தேடிக் கட்டுகிற ஒரு பறவையிடம் இதற்கு வழி கேட்பது சரியான யோசனைதான். எங்கள் அம்மம்மாமாரின் அடுப்படியில் தொங்கிய உறியும் இதே அறிவின் விளைவுதான்.

ஆயினும் உறி எதற்காகத் தொங்கியது என்பதை மறக்க வேண்டாம். பூனைக்கு எட்டாமல் இருப்பதற்காகவே அது தொங்கியது. பூனைக்கு எட்டாதது பிள்ளைக்கும் எட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 3 வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 95 சென்றிமீற்றர். கூடையின் வாய் நிலத்திலிருந்து 60 சென்றிமீற்றர் அளவில் இருந்தால்தான் அந்தப் பிள்ளை உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும்.

வாசலைப் பொறுத்தவரை, குருவி தன் வாசலைக் கீழ்நோக்கி நீண்ட குழாயாக அமைப்பது பாம்பு முதலியவை முட்டைகளை எளிதில் அடையாமல் இருப்பதற்காக. உங்கள் பொம்மைகளுக்கு அந்தப் பகை இல்லை; ஆகவே குழாயை விட்டுவிடுங்கள். ஆனால் கூட்டின் உள்ளே நீங்கள் கவனித்திருக்கக்கூடிய, பலரும் கவனியாத ஒரு பகுதி இருக்கிறது. முட்டையிடும் அறைக்கும் குழாய்க்கும் நடுவில் குருவி ஒரு வரம்பைப் பின்னி வைக்கிறது; காற்றில் கூடு ஆடினாலும் முட்டைகள் உருண்டு விழாமல் இருப்பது அந்த வரம்பினால்தான். அதுவே உங்கள் செயற்றிட்டத்தின் உயிர்நிலை. வாசலை முன்பக்கத்தில் அகலமாகத் திறந்து, கீழ் விளிம்பில் நான்கு விரல் உயரத்துக்கு உறுதியான ஒரு வரம்பைப் பின்னுங்கள். பிள்ளை எறிந்தாலும் பொம்மை உள்ளே நிற்கும். கையை நீட்டினால் தடையின்றி எடுக்கலாம்.

கயிற்றால் தொங்கவிடும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். பிள்ளையின் கழுத்து நுழையக்கூடிய கயிறு எந்த வீட்டிலும் எட்டும் உயரத்தில் தொங்கக் கூடாது. 3 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருட்களில் உள்ள கயிற்றின் நீளத்துக்கு ஐரோப்பிய விதியும் எல்லை வகுத்திருக்கிறது. பிரம்பை வளைத்து வளையமாக்கி, அதைத் திருகாணியால் சுவரில் இறுக்கி, கூடையை அந்த வளையத்தோடு சேர்த்துப் பின்னினால் ஆட்டமும் இல்லை, ஆபத்தும் இல்லை.

இன்னொன்றும் அந்தக் குருவியிடம் கற்கலாம். ஆண் குருவி கூட்டை முழுவதும் முடித்துவிட்டுப் பெண் குருவியை அழைப்பதில்லை. தலைக்கவசம் கவிழ்த்தது போன்ற பாதி நிலையிலேயே காட்டுகிறது. அது பிடித்துக்கொண்டால்தான் மீதியைக் கட்டி முடிக்கிறது, பிடிக்காவிட்டால் கூடு அப்படியே கைவிடப்படலாம். நீங்களும் பாதி பின்னிய கூடையைச் சுவரில் பிடித்து, அயலிலுள்ள இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகளின் கையில் பொம்மைகளைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருங்கள். அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து போடுகிறார்கள், எங்கே கை தடக்குகிறது என்பதை எழுதிவைத்துவிட்டு மீதியைப் பின்னுங்கள். உங்கள் அறிக்கையில் ஆசிரியர் விரும்பி வாசிக்கப் போவதும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் கடற்கரையிலிருந்து மண்வெட்டி, வாளி, சிப்பி, சோகி என்று ஈரத்தோடு அள்ளி வருகிறார்கள். கூழைக்கடா தன் சொண்டுப் பையில் மீனைச் சேமித்து வைப்பது போல, அந்த வடிவில் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று செய்யலாமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: குமண பறவைகள் சரணாலயம் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் கூழைக்கடாவை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்களைவிட உங்களுக்கு அதிகம், ஐயா. அடுத்த முறை அது இரை பிடிக்கும்போது சற்று நேரம் நின்று பாருங்கள். அந்தப் பை சேமிக்கும் பையன்று, அள்ளும் பை. மீனோடு சேர்த்துத் தண்ணீரையும் அள்ளிக்கொண்டு, சொண்டை மார்போடு சாய்த்துத் தண்ணீரை வடியவிட்ட பிறகே அது மீனை விழுங்குகிறது. குஞ்சுகளுக்குக் கொண்டு போகும் இரையும் பையில் போவதில்லை, தொண்டைக்குக் கீழேதான் போகிறது.

உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தேவையானதும் அதுவே: அள்ளுதல், வடித்தல். அடைத்த பிளாஸ்டிக் பெட்டியில் ஈரச் சாமானைப் போட்டால் இரண்டே நாட்களில் மணக்கத் தொடங்கும். வாவியில் வீச்சுவலை வீசுபவர்கள் இடுப்பில் கட்டும் பறியை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் நிற்கும், தண்ணீர் நிற்காது. மேலே பிரம்பிலோ மரத்திலோ சொண்டு போன்ற நீண்ட வாய், கீழே சிறு கண்ணுள்ள நைலோன் வலைப் பை, கிணற்றடியில் அதைக் கொழுவ ஒரு கொக்கி. பிள்ளை சொண்டைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே சாமானை அள்ளலாம். வந்ததும் தண்ணீரில் இரண்டு தரம் முக்கித் தூக்கினால் மணலும் உப்பும் போய்விடும். வலைக் கண் சிறு விரல் நுழையாத அளவில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் முன்பள்ளிக்குப் பெற்றோர் சேர்ந்து யானை வடிவில் பெரிய புத்தகத் தட்டு ஒன்றைச் செய்து தந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது விருப்பம். ஒரு பிள்ளை மட்டும் அதன் அருகில் போக மறுக்கிறது, கூப்பிட்டால் அழுகிறது.
– முன்பள்ளி ஆசிரியை, வெல்லாவெளிப் பகுதி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நகரத்தில் இருப்பவர்களுக்கு யானை ஒரு படம். உங்கள் ஊரில் அது இரவில் வேலியை முறித்துக்கொண்டு வந்து நெல் மூட்டைக்காகச் சுவரை இடிக்கும் உயிர். அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்பதைத் தாயிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையை மட்டும் அந்தத் தட்டின் அருகே வற்புறுத்திக் கூட்டிப் போக வேண்டாம். அதன் புத்தகங்களில் சிலவற்றை வேறு ஒரு சாதாரணத் தட்டில் வைத்து, அது தானாக எடுக்க வழிசெய்யுங்கள்.

பெற்றோர் அன்போடு செய்ததை அகற்றுவது உங்களுக்குச் சங்கடம் என்றால், முகத்தையும் தந்தத்தையும் கழற்றிவிட்டுத் தும்பிக்கையை மட்டும் பயன்படுத்தலாம். எலும்பே இல்லாத அந்த உறுப்பு வளைந்து பற்றுவதற்காகவே அமைந்தது. எங்கள் ஆசிய யானைக்கு அதன் நுனியில் விரல் போன்ற ஒரு முனை உண்டு, ஆபிரிக்க யானைக்கு இரண்டு. மேல்நோக்கி வளைந்து நுனி உருண்ட கட்டைகளை வரிசையாக அறைந்தால் பிள்ளைகளின் பைகளைக் கொழுவலாம். கொக்கிகள் அவர்களுடைய கண் மட்டத்தில் மட்டும் வரக் கூடாது. பெரிய தட்டு எந்த விலங்கின் வடிவில் இருந்தாலும் அதைச் சுவரோடு இரண்டு இடங்களிலாவது திருகாணியால் இறுக்கிவிடுங்கள். பிள்ளைகள் தட்டுகளைப் படிகளாக நினைத்து ஏறுவார்கள், ஏறும்போது மேற்பாரம் முன்னே சரியும். இதை இந்தக் கிழமையே செய்து முடியுங்கள், ஆசிரியை.

கேள்வி: கைத்தறியில் மிஞ்சும் துணித் துண்டுகளால் கங்காரு உருவத்தில் சுவர்ப் பைகள் தைக்கிறோம். பையின் வாய் மேலே இருப்பதால் தூசி விழுகிறது என்று வாங்குபவர்கள் சொல்கிறார்கள்.
– வாசகி, மருதமுனை

பதில்: கங்காருவின் உறவான வொம்பாற் என்ற விலங்குக்கும் வயிற்றில் பை உண்டு. அது மண்ணைத் தோண்டி வளை அமைப்பதால், குட்டியின் மேல் மண் விழாதபடி அதன் பை பின்னோக்கித் திறக்கிறது. நீங்களும் பையின் வாயைப் பக்கவாட்டில் சரித்து வெட்டி, மேலே இரண்டு அங்குல மடிப்பு ஒன்றைக் கவிழ்த்துத் தைத்துப் பாருங்கள். மடிப்பைப் பூட்டப் பொத்தான் வேண்டாம். ஒட்டுநாடாவும் (வெல்குரோ) வேண்டாம், அது மருதமுனைத் துணியின் நூலைப் பிடித்து இழுத்துவிடும். மடிப்பின் விளிம்புக்குள் சாறனின் கரைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால், அதன் பாரத்திலேயே மூடிக்கொள்ளும்.