மதர்போர்டு மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?

மதர்போர்டு எரிந்துவிட்டது, புதுசு போட்டால் விண்டோஸும் புதுசு வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் என்று சொல்வதால் அசெம்பிள் பண்ணிய கணினி என்றே எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக் கணினிகளில் பொதுவாக இருக்கும் லைசென்ஸில் இரண்டு வகை உண்டு. கம்பெனி லேப்டாப்போடு வருவது ஓஇஎம். அது சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி, வீடு மாறினால் கூட வராது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் பீரோ மாதிரி, போகிற இடத்துக்கு எடுத்துப் போகலாம். பழைய கணினியில் மட்டும் அது ஓடக் கூடாது. ரேம், ஹார்ட் டிஸ்க் மாற்றினால் பொதுவாக எதுவும் ஆகாது. மதர்போர்டை மாற்றினால்தான் விண்டோஸ் அதை வேறு கணினி என்று நினைத்துக்கொள்கிறது.

எது உங்களுடையது என்று பார்க்க, புது போர்டு மாட்டிக் கணினி ஓடத் தொடங்கிய பிறகு விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும், ஒரு இடம் விட்டு /டிஎல்ஐ என்பதையும் அடியுங்கள். வரும் பெட்டியில் ரீடெய்ல், ஓஇஎம், அல்லது அலுவலகங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். விண்டோஸ் 7-லிருந்து இலவசமாக 10-க்கு மாறியவர்களுக்கும் ரீடெய்ல் என்றே காட்டும், அதனால் வாங்கிய பில்லையும் தேடி எடுத்து வையுங்கள். வீட்டுக் கணினியில் வால்யூம் என்று காட்டினால், முன்பு யாரோ கிராக், அதாவது லைசென்ஸ் இல்லாமல் ஓட வைக்கும் திருட்டு புரோகிராம், போட்டுக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கிறது. கோர்ட் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு மழைக்கால மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் போர்டு போய்விட்டது. சர்வீஸுக்கு வந்த தம்பி புது போர்டு மாட்டினார். திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுத்து வந்து நின்றது. "அக்கா, அந்த லைசென்ஸ் செத்துப்போச்சு. பென் டிரைவ்ல ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷத்துல போட்டுடறேன், வைரஸைத் தடுக்கிற டிஃபெண்டரை மட்டும் ஆஃப் பண்ணணும்" என்றார். வேண்டாம் தம்பி என்றேன். ஊரே அதைத்தான் போட்டிருக்கிறது, உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்டார்.

எனக்கு மட்டும் என்ன என்று சொல்கிறேன். என் கணினியில் அடுத்தவர்களின் கிரயப் பத்திர வரைவு, ஆதார் நகல், விவாகரத்து மனு எல்லாம் இருக்கிறது. காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே விட வேண்டிய ஒரு புரோகிராமை அந்த ஃபைல்களுக்குப் பக்கத்தில் வைக்க நான் தயாராக இல்லை.

பில்லும், கீ எனப்படும் லைசென்ஸ் எண் இருக்கும் அட்டையும் எல்ஐசி பாண்டு இருக்கும் ஃபைலிலேயே இருந்தன. கீயை அடித்தேன், ஏற்கவில்லை. அப்புறம் போன் மூலம் ஆக்டிவேட் செய்யும் வழியை எடுத்தேன். திரையில் ஏழு ஏழாக ஒன்பது தொகுதி, மொத்தம் 63 எண்கள். கடையில் வேலை பார்க்கும் பெண் படித்துச் சொல்ல நான் போனில் அழுத்தினேன். இந்தக் கீயை எத்தனை கணினியில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றில்தான் என்றேன். பிறகு அவர்கள் சொன்ன எண்களை வேஸ்ட் தாளின் பின்பக்கம் ஆறு ஆறாக எழுதி, ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டங்களில் நிரப்பினோம். மூலையில் இருந்த எழுத்து போய்விட்டது. அந்தத் தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

உங்களுக்கு இவ்வளவு பாடு தேவைப்படாமலும் போகலாம். லைசென்ஸை முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போய் டிரபிள்ஷூட் அழுத்துங்கள். சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, அதே கணக்கில் நுழைந்தால் பழைய கணினியின் பெயர் பட்டியலில் வரும். 2016-இல் வந்த வசதி இது. விண்டோஸில் ஹோம் பதிப்பு வைத்திருந்தவர் ஹோம், ப்ரோ பதிப்பு வைத்திருந்தவர் ப்ரோதான் திரும்பப் போட வேண்டும், மாறினால் நடக்காது. கம்பெனி லேப்டாப்பில் வாரண்டியில் போர்டு மாற்றுகிறவர்கள், கீயைப் புது போர்டில் ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பெரிய கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாராவது கீழே எழுதக்கூடும். நான் கொடுத்த காசுக்கு உள்ளதைக் கேட்கிறேன், அவ்வளவுதான். விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போடலாமே என்பவர்களுக்கு: பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் வருஷக்கணக்காகச் சேர்ந்த ஃபைல்களை யார் மாற்றித் தருவார்கள்?

காசு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஓகே என்று கட்டைவிரல் போடுகிறார்கள். அச்சாகி வந்த பிறகு மாமா பெயருக்கு முன்னால் இனிஷியல் தப்பு என்று மொத்தத்தையும் திருப்பி அடிக்கச் சொல்கிறார்கள். தாளுக்கும் மைக்கும் யார் பணம் கொடுப்பது? டைப் அடிப்பதும் வேலைதான் என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

சரி, உங்கள் விஷயத்தில் ஒன்று பாக்கி. டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால், புது போர்டு மாட்டியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபைல் எதையும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் போனிலிருந்தே நுழைந்து பார்க்கலாம், கணினி எரிந்து கிடந்தாலும் பரவாயில்லை. அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு கடைக்காரரைப் போர்டை மாட்டச் சொல்லுங்கள்.