உறை பிரிக்காத பூட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச்சூடுகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மிச்சிகன் வழக்கில் மகன் செய்த கொலைகளுக்காகப் பெற்றோரைச் சிறைக்கு அனுப்பியது சரிதான் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. விசையை இழுத்தது அவன் விரல். பெற்றோர், பள்ளி, சட்டம் என்று பழியைப் பங்குபோட்டுக்கொண்டே போனால் கொலைகாரனின் பங்கு சுருங்கிவிடாதா? கொல்லத் துணிந்தவன் துப்பாக்கி கிடைக்காவிட்டால் கத்தியை எடுப்பான். எனக்கும் பதினைந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு எனக்கும் இதே கதி வரலாம் அல்லவா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களை எழுத வைத்ததே அந்தப் பயம்தான் என்று தோன்றுகிறது. மகனின் மனதில் ஓடுவது தெரியவில்லை என்பதற்காக எந்தத் தகப்பனையும் தண்டிக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது என்னென்ன என்று பாருங்கள்.

2021 நவம்பர் 30, மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளி. பதினைந்து வயதுப் பையனின் கணக்குத் தாளில் ஆசிரியர் ஒரு படத்தைப் பார்க்கிறார். துப்பாக்கி, தோட்டா, ரத்தம் வழிய ஓர் உருவம். பக்கத்தில், 'இந்த நினைப்புகள் நிற்க மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள்' என்ற எழுத்து. பெற்றோரை வரவழைத்துத் தாளைக் காட்டுகிறார்கள். நான்கு நாளைக்கு முன்னால்தான் தகப்பன் அவனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். முந்தைய நாள் அவன் வகுப்பில் கைப்பேசியில் தோட்டா தேடியதைப் பள்ளி தாய்க்குத் தெரிவித்திருந்தது. 'மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்' என்பதுதான் அவர் மகனுக்கு அனுப்பிய பதில். அந்த அறையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தபோதும் வீட்டில் துப்பாக்கி இருப்பதை இருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. மகனை வீட்டுக்குக் கூட்டிப்போகவும் இல்லை. வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். வகுப்பிலிருந்த அவன் பையை அந்த அறைக்கே எடுத்துவந்திருந்தார்கள். யாரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் செத்துப்போனார்கள்.

இந்த இரண்டு மணி நேரத்தை என்னால் கடக்கவே முடியவில்லை. உதவுங்கள் என்று அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். மனதைப் படிக்கிற வித்தை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரு பையின் ஜிப்பை இழுத்திருந்தால் போதும்.

பங்கு சுருங்கிவிடும் என்கிறீர்கள். பொறுப்பை அப்பன் விட்டுப்போன நிலம் மாதிரி நினைப்பதால் வருகிற சந்தேகம் இது; பங்காளி கூடினால் பாகம் குறையும் என்று. சுட்டவனுக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2024-இல் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை. அதனால் அவன் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. (அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. 2019-இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, கொலைகாரனின் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்று அப்போதைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில் சொன்னார். அன்றிலிருந்து எனக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது.)

கத்திக்கு வருவோம். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருவன் கத்தியோடு ஒரு பள்ளிக்குள் புகுந்தான். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் வெட்டுப்பட்டார்கள். ஒரு குழந்தையும் சாகவில்லை. கத்தியால் கொல்ல முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு ஊர்களின் பெற்றோரில் எந்த ஊர்க்காரர்களால் அன்று இரவு பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலிலாவது பார்க்க முடிந்தது?

மனநோய்தான் காரணம் என்ற வாதத்தை நீங்கள் எழுப்பவில்லை. அதற்காகவே உங்கள் மேல் மதிப்பு கூடியது. மனநோய் இல்லாத நாடு எது? அதோடு பெரும் போராட்டம் நடத்திக்கொண்டு, யாருக்கும் ஒரு கீறல்கூடப் போடாமல் வாழ்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

சட்டத்தின் பங்கைப் பற்றி ஒன்று. 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுடப்பட்டு இறந்தபோது ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ஜான் ஹோவர்ட் வலதுசாரி. துப்பாக்கிச் சட்டத்தை அவர் கடுமையாக்கியபோது எதிர்த்தவர்கள் பெரும்பாலும் அவர் அணிக்கே வாக்களிக்கிற கிராமப்புற மக்கள். அவர்கள் கூட்டத்தில் குண்டு துளைக்காத உடுப்பை அணிந்து நின்று பேசினார். சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதற்குப் பிறகு அங்கே துப்பாக்கிச்சூடே நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நடந்திருக்கிறது. ஆனால் 'நாம் என்ன செய்திருக்கலாம்' என்ற கேள்வியைச் சுட்டவன் தலையில் கட்டிவிட்டு அந்த அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை.

ஓர் இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பெற்றோரைச் சிறையில் போட்டதால் அந்த நான்கு பிள்ளைகளில் ஒருவரும் திரும்பி வரப்போவதில்லை. தண்டனை எப்போதும் பிந்தித்தான் வரும். அதனால்தான் அந்தத் தீர்ப்பைவிட, 2024 பிப்ரவரியில் மிச்சிகனில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிறுவர்கள் புழங்குகிற வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதைப் பூட்டி வைத்தே ஆக வேண்டும்.

அந்தப் பெற்றோரின் வீட்டிலும் துப்பாக்கிக்கான கம்பிப் பூட்டு ஒன்று இருந்தது. போலீஸார் கண்டெடுத்தபோது அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

அன்புடன்.