அரைக்கால் காசும் இரண்டு பட்டமும்

அன்புள்ள அக்கா,

விருதுநகரில் பி.காம். முதலாண்டு படிக்கிறேன். அப்பாவுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். கடைக் கணக்கை நான்தான் பார்க்க வேண்டும் என்று இதில் சேர்த்துவிட்டார். எனக்குப் பிடித்தது வரலாறு, அதிலும் கல்வெட்டு. குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பழைய சிவன் கோயில் இருக்கிறது, சுவரெல்லாம் எழுத்து, பாதி சுண்ணாம்புக்குள் போய்விட்டது. போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன், ஒரு வார்த்தை புரியாது. இப்போது ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாமாமே, அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறும் சேர்ந்துவிடட்டுமா? தோழி, ஐஐடி சென்னையின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் சேர், அதுதான் சோறு போடும் என்கிறாள். அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ச.

அன்புள்ள ச.,

படிக்கலாம், அதில் சந்தேகமே வேண்டாம். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அனுமதித்துவிட்டது. ஒன்றைக் கல்லூரிக்குப் போயும் இன்னொன்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையுமே நேரில் போய்க்கூடப் படிக்கலாம். ஆனால் இதை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம், அதனால் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. சேரப்போகும் தொலைநிலைப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, சட்டம் முடிந்தது. இனி நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தவள். பழுப்பு உறையில் பாடப் புத்தகங்கள் கட்டாக வந்தன. அந்தக் கட்டை அம்மா வாங்கி பீரோ மேல் வைத்தார், தேர்வுக்குப் பத்து நாள் முன்னால்தான் கயிற்றை அறுத்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புகளில் பாதிக்குப் போகவில்லை. இரண்டாம் வகுப்பில் தேறிவிட்டேன், சான்றிதழ் எங்கோ இருக்கிறது. சிலப்பதிகாரத்தை மட்டும் உண்மையிலேயே படித்தேன், அதுவும் பாடத்தில் வைத்திருந்த காதைகளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம்! ஒரு பட்டத்தோடு ஒரு வேலைக்கே இந்தக் கதி. உங்களுக்கோ கல்லூரி செமஸ்டர் நவம்பர், டிசம்பரில் வரும், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் சேர்ந்தால் அங்கும் ஒரு தேர்வு டிசம்பரில். வகுப்பு மோதக் கூடாது என்று விதி இருக்கிறது, தேர்வு மோதினால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், பள்ளியில் வரலாற்று ஆசிரியராகும் எண்ணம் உண்டா? உண்டென்றால் பி.ஏ. வரலாறு கட்டாயம் வேண்டும். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.காம். முடித்து எம்.ஏ. வரலாறு படித்தவரை ஆசிரியர் தேர்வு வாரியம் அதற்கு எடுக்காது. ஓராண்டில் முடிகிற இரண்டாவது பட்டம் ஒன்று முன்பு இருந்தது. அதை வாங்கிய ஆசிரியர்கள் பதவி உயர்வுக்காக உயர்நீதிமன்றம் வரை அலைந்தது ஊரறிந்த கதை.

ஆசிரியர் வேலை வேண்டாம், கல்வெட்டுதான் வேண்டும் என்றால் இப்போது பி.ஏ. தேவையே இல்லை. எம்.ஏ. வரலாற்றுக்கு இக்னோவிலும் இன்னும் பல இடங்களிலும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். அதற்கு மேலே போனால் முதுகலை முடித்தவர்களுக்கென்று தமிழ்நாடு தொல்லியல் துறையே பட்டயப் படிப்பு நடத்துகிறது. மூன்று வருடம் கழித்துப் பின்வாசலே இல்லாமல் நேராக நுழையலாம் என்றிருக்கும்போது எதற்கு இப்போதே இரண்டு அசைன்மென்ட், இரண்டு ஹால் டிக்கெட்?

தோழி சொல்வதும் நல்ல படிப்புதான், ஆனால் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கணக்கிலும் புரோகிராமிங்கிலும் ஆசை இருப்பவர் சேரட்டும். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை ஒரு வரிகூடத் தெரியவில்லை, பயம்தான் தெரிகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்த இடம், பி.காம். என்னவோ அப்பாவின் பட்டம், வரலாறு உங்கள் பட்டம் என்று பிரித்துக்கொண்டதுதான். கல்வெட்டில் பாதி கணக்குப் புத்தகம், அது தெரியுமா உங்களுக்கு? தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு வைத்த காசை ஊர்ச் சபைகளிடம் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள், ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு பொலிசை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, பொலிசை என்றால் வட்டி. 12.5 சதவீதம்! சில ஊர்கள் அந்த வட்டியை நெல்லாக அளந்திருக்கின்றன. அப்புறம் நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரிகிற விளக்கு. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, அவற்றை வாங்கிக்கொண்டவர் தினம் ஓர் உழக்கு (பழைய முகத்தல் அளவு) நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. கிழடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. முதலைத் தொடாமல் வருமானத்தில் மட்டும் செலவு செய்கிற அறக்கட்டளைக் கணக்கு உங்கள் பாடத்தில் வரும்போது இந்த ஆடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆயிற்று, வட்டிக் கணக்கோடு வளர்ந்த நீங்கள் ஒரு மதியத்தில் பிடித்துவிடுவீர்கள்.

அதனால் இந்த வருடம் எதிலும் சேராதீர்கள். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, பெரிய கோயில் இரண்டாம் தொகுதியில். வாரம் ஒரு கல்வெட்டு போதும். எழுத்து முதலில் மிரட்டும், புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, நடுவில் வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வந்து நிற்கும். ஆறு மாதம் கழித்தும் நீங்களாகவே அடுத்த தொகுதியைத் தேடினால் எம்.ஏ.வுக்கு இடம் பார்ப்போம். தேடாவிட்டால், ஒரு கட்டு புத்தகமும் அதற்குக் கட்டிய பணமும் மிச்சம்.

அப்பாவிடம் சொல்லுங்கள். பட்டம் கிட்டம் என்று ஆரம்பிக்க வேண்டாம், அந்த அரைக்கால் வட்டியைச் சொல்லுங்கள். மொத்த வியாபாரி, வட்டி விகிதம் என்றால் காதைக் கொடுப்பார், ஆயிரம் வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும்.

அடுத்த முறை குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது அந்தச் சுவரைப் படமெடுத்து அனுப்புங்கள். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும் நேரமாக இருக்கட்டும், அப்போதுதான் எழுத்து எழும்பித் தெரியும். மாவு கீவு எதையும் தடவாதீர்கள், சுண்ணாம்பைச் சுரண்டாதீர்கள். தெரிகிற பகுதியில் ‘ஆடு’ இருக்கிறதா, பக்கத்தில் ‘௯௰௬’ (தமிழ் எண்ணில் தொண்ணூற்றாறு) என்று ஏதாவது தென்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். தென்பட்டால் அன்றைக்கே எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா