குன்னூர் டீத்தூளை ஆன்லைனில் விற்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: குன்னூரில் டீத்தூள், ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி (மொறுமொறு பிஸ்கட்), தைலம் விற்கும் சிறிய கடை எங்களுடையது. 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வந்ததிலிருந்து சீசன் கூட்டத்தை மட்டும் நம்பியிருக்கப் பயமாக இருக்கிறது. கோவை, பெங்களூரு வாடிக்கையாளர்கள் போன் செய்து சரக்கு கேட்கிறார்கள். இணையதளம் செய்துகொடுக்க 85,000 ரூபாய் சொல்கிறார்கள். கையில் 60,000 இருக்கிறது. 6 பவுன் நகையை வைத்து 1 லட்சம் வாங்கலாமா ஐயா? - வாசகி, குன்னூர்

பதில்: வேண்டாம் அம்மா, நகையைத் தொடாதீர்கள். ஆன்லைன் யோசனை நல்லதுதான். ஆனால் ஒரு பார்சல் அனுப்பினால் கையில் எவ்வளவு நிற்கும் என்பது தெரிந்த பிறகுதான் இணையதளத்துக்குச் செலவு செய்ய வேண்டும்.

உங்கள் நான்கு சரக்கில் மலையிறங்கித் தாங்குவது டீத்தூள் ஒன்றுதான். ஏப்ரல், மே வெயிலில் சாக்லேட் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் இளகிவிடும். தைலம் தீப்பற்றும் எண்ணெய், விமானத்தில் போகும் பார்சலில் சாதாரணமாக ஏற்க மாட்டார்கள். வர்க்கி நொறுங்குவது இருக்கட்டும், அது அடைக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான கூரியரில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். 30க்கு 20க்கு 20 பெட்டியில் அரைக் கிலோ வர்க்கி வைத்தால் 2.4 கிலோவுக்குக் கட்டணம்!

சரி, டீத்தூளுக்கு வருவோம். உங்கள் விலை எனக்குத் தெரியாததால் உதாரணத்துக்குச் சொல்கிறேன். அரைக் கிலோ 250 ரூபாய்க்கு விற்கிறீர்கள். கொள்முதல் 140, பெட்டியும் டேப்பும் 20, கூரியர் 70, கார்டில் பணம் வந்தால் சுமார் 2 சதவீதக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து 6. மிச்சம் 14 ரூபாய். அதையே ஒரு கிலோவாக 500 ரூபாய்க்கு அனுப்பினால் கொள்முதல் 280, பெட்டி 22, கூரியர் 90, கட்டணம் 12 போக 96 நிற்கும். அதனால் ஒரு கிலோவுக்குக் குறைந்து ஆர்டர் எடுக்காதீர்கள். கேஷ் ஆன் டெலிவரியும் வேண்டாம். வாங்காமல் ஒரு பெட்டி திரும்பி வந்தால் போக வரக் கூரியரிலேயே இரண்டு பார்சலின் லாபம் போய்விடும்.

இப்போது அடகுக் கடனைப் பாருங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றாலும் மாதம் 833 ரூபாய். வட்டி கட்ட மட்டுமே 9 பார்சல் போக வேண்டும், அசல் அப்படியே நிற்கும்.

அப்புறம் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் நீங்களே நேரடியாக விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் விற்றாலும் பதிவு கட்டாயம். பதிவு எடுத்துவிட்டால் கடையில் விற்கும் சரக்குக்கும் வரி கட்ட வேண்டும். எனவே முதல் ஆறு மாதம் கோவை, சென்னை, மதுரை போதும். பெங்களூருக்காரர்களிடம் பொறுக்கச் சொல்லுங்கள். கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆன்லைன் விற்பனைக்கும் செல்லுமா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

60,000-ல் 15,000 மட்டும் எடுங்கள். பெட்டி, லேபிள், ஒரு நல்ல எடைத் தராசு வாங்குங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல் போட்டு, யுபிஐயில் பணம் வந்த பிறகு அனுப்புங்கள். சீசன் முடிந்து ஜூனில் தொடங்கினால் கடையையும் கவனிக்க முடியும். 50 பார்சல் போன பின் நோட்டைக் கூட்டிப் பாருங்கள். பார்சலுக்கு 80 ரூபாயாவது நின்றிருந்தால் இணையதளம் பற்றிப் பேசலாம், அதற்கும் மாத வாடகைக்குக் கிடைக்கும் தளமே போதும்.

ஒன்று மறந்துவிட்டேன். டீத்தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். தைல பாட்டில் இருக்கும் அலமாரியிலிருந்து அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.