சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னால் சர்வர் வயிற்றில் அடிப்பதாகுமா?

ஆகாது. சர்வர் கைக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்தான் முதலில் அந்தத் தொகையைப் பில்லிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

சர்வீஸ் சார்ஜ் ஓட்டல் கணக்கில் விழும் பணம். அதில் சர்வருக்கு எவ்வளவு, கிளீனருக்கு எவ்வளவு என்று பில்லில் இருக்காது. ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிற முதலாளிகள் உண்டு. உடைந்த தட்டு, கிளாசுக்கு அதிலிருந்தே கழித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இவர் எந்த ரகம் என்று சாப்பிட வந்தவருக்குத் தெரிய வழியில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஓட்டல் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வசூலிக்கக் கூடாது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

கணக்கைப் பாருங்கள். சாப்பாடு 1,000 ரூபாய், 10% சர்வீஸ் சார்ஜ் 100, மொத்தம் 1,100க்கு 5% ஜிஎஸ்டி 55. ஆக 1,155. சார்ஜை எடுத்தால் 1,050. அந்த நூறை நேராகச் சர்வர் கையில் கொடுத்தாலும் 1,150தான் ஆகிறது. எடுக்கச் சொல்லிவிட்டு அந்த நூறையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது சட்டப்படி சரி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்பே மேனேஜரிடம் கேளுங்கள். சர்வரிடம் வாதாடிப் பயனில்லை, பில்லை மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. டிப்ஸை ரொக்கமாகக் கொடுங்கள். மேஜையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் முதலாளியுடையது, அதில் கூடுதலாகப் போட்டால் அவர் கணக்குக்குத்தான் போகும்.

எவ்வளவு? இங்கேதான் சதவீதக் கணக்கு அநியாயம் செய்கிறது. 120 ரூபாய் இலைச் சாப்பாட்டுக்கு ஒருவர் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வாளியோடு திரும்பத் திரும்ப வருகிறார். 10% என்றால் அவருக்கு 12 ரூபாய். 600 ரூபாய் மீன் வறுவலை ஒரே தரம் கொண்டுவந்து வைப்பவருக்கு 60. உழைப்பு யாருடையது அதிகம்? பில் தொகையை விட்டுவிட்டு ஆளின் வேலையைப் பாருங்கள். இலைச் சாப்பாட்டுக்கு இருபது, முப்பது கொடுப்பது மிகையே இல்லை.

உப்பு கூடிவிட்டது, தோசை வரத் தாமதம் என்று டிப்ஸைக் குறைக்காதீர்கள். அது சமையல்கட்டின் குறை, மேனேஜரிடம் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸ் ஈடுகட்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் 1991 முதல் விட்டுவைத்திருக்கிறது. பல மாநிலங்களில் தொகை கூடுதல். அங்கே டிப்ஸ் தராமல் எழுந்தால் அவர் கூலியிலேயே கை வைக்கிறோம். இங்கே கூலி முழுக்க முதலாளி பொறுப்பு, அதனால் கையில் இல்லாதவர் கூச்சப்படாமல் எழுந்து வரலாம்.

கொடுக்கிறவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: “டிப்ஸ் பாக்ஸா, தனித்தனியாவா?” பாக்ஸ் என்றால் எல்லாருக்கும் பங்கு போகும். தனி என்றால், மேஜை துடைக்கிறவர் கையிலும் ஒரு பத்து ரூபாய் வையுங்கள். பெரும்பாலும் அவரை யாரும் கண்டுகொள்வதில்லை.